பிரிட்டன் அரசியலைப் படிக்க இணையத்தில் எந்தத் தளம், எதை எதற்குப் பார்ப்பது?

கதிர்வேல்_த:
செய்தித் தலைப்புகளைத் தாண்டி பிரிட்டன் அரசியலைப் படிக்க வேண்டும். ஒரு மசோதா எந்தக் கட்டத்தில் இருக்கிறது, யார் எப்படி வாக்களித்தார், பணம் எங்கிருந்து வருகிறது, இதையெல்லாம் நேரடியாகப் பார்க்கக்கூடிய தளங்கள் வேண்டும். இலவசமாக இருந்தால் நல்லது. கூகுளில் தேடினால் ஒரு பக்கம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மே மாதத்தில்தான் தேர்தல் என்கிறது. இன்னொரு பக்கம் பிரதமர் நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் என்கிறது. எது சரி?

நூலகன்:
தேர்தல் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். இரண்டு பக்கமும் எழுதிய காலத்தில் சரிதான். 2011-ல் வந்த நிலையான பதவிக்காலச் சட்டம் மே மாதத் தேதியை நிர்ணயித்தது. 2022 மார்ச்சில் அதை ரத்து செய்து, பிரதமர் கேட்டால் மன்னர் நாடாளுமன்றத்தைக் கலைக்கும் பழைய முறையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். அப்போதைய பிரதமர் சுனக் 2024 ஜூலை 4-ஐத் தேர்ந்தெடுக்க முடிந்தது அதனால்தான். இப்போது உள்ள எல்லை ஒன்றுதான்: நாடாளுமன்றம் முதல்முறை கூடிய நாளிலிருந்து ஐந்தாண்டு ஆனால் தானாகக் கலையும். பக்கத்தின் தேதியைப் பார்க்காமல் படித்தால் இந்தத் துறையில் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம். இன்னொரு உதாரணம் வேல்ஸ். அதன் நாடாளுமன்றமான செனெத்தில் 60 உறுப்பினர் என்று போட்டிருந்தால் அது பழைய பக்கம். 2026 மே தேர்தலிலிருந்து 96.

எங்கே தொடங்குவது என்றால் என் பதில் ஒன்றே ஒன்றுதான்: காமன்ஸ் சபை நூலகத்தின் தளம். எம்.பி.க்களுக்காக அங்குள்ள ஆய்வாளர்கள் எழுதும் விளக்கக் குறிப்புகள், கட்சி சார்பில்லாமல், யாருக்கும் இலவசம். ஒவ்வொரு முக்கிய மசோதாவுக்கும் அவையில் அதன் மீது முதல் விவாதம் நடக்கும் இரண்டாம் வாசிப்புக்கு முன் ஒரு குறிப்பு வரும். இன்று சட்டம் என்ன, மசோதா எதை மாற்றுகிறது, யார் ஆதரவு, யார் எதிர்ப்பு, ஏன் என்று எல்லாம் அதில் இருக்கும். நூறு பக்கம் இருந்தாலும் மிரள வேண்டாம். முன்னால் இருக்கும் சுருக்கம் இரண்டு மூன்று பக்கம்தான், முதல் சுற்றுக்கு அது போதும். தலைப்பு வாரியாக மின்னஞ்சல் அறிவிப்பும் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது இன்ஸ்டிடியூட் ஃபார் கவர்ன்மென்ட் தளத்தின் 'எக்ஸ்ப்ளெய்னர்' பக்கங்கள். அமைச்சரவைக் குழு என்றால் என்ன, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்து அரசுகளுக்கு நிதி ஒதுக்கும் பார்னெட் சூத்திரம் எப்படி வேலை செய்கிறது, நிரந்தரச் செயலரை யார் நியமிக்கிறார் போன்ற அமைப்புக் கேள்விகளுக்கு அதைவிடத் தெளிவாக எழுதுபவர்கள் குறைவு. அரசியலமைப்பு விவாதங்களுக்கு லண்டன் யூசிஎல் பல்கலைக்கழகத்தின் கான்ஸ்டிடியூஷன் யூனிட் வலைப்பதிவு.

மேகலா_ஹாரோ:
நூலகன் சொன்னது சரி. ஆனா தமிழ்ச் செய்தி வாசிச்சிட்டு வாற ஆக்களுக்கு அதுக்கு முதலே விளங்க வேண்டிய விசயம் ஒண்டு இருக்கு. 'பிரித்தானிய நாடாளுமன்றத்தில்' எண்டு தொடங்கிற எல்லாச் செய்தியும் ஒரே பெறுமதி இல்லை. என்ன வகை எண்டு பாருங்கோ.

ஏர்லி டே மோஷன்: ஒரு எம்.பி. எழுதி வைக்கிறது, மற்றவை கையெழுத்து வைப்பினம். விவாதமும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. சுவரிலை ஒட்டின நோட்டீஸ் மாதிரி. அமைச்சர்மார் வழமையாக் கையெழுத்து வைக்கிறதில்லை. இதைத்தான் கனபேர் 'நாடாளுமன்றத்தில் பிரேரணை' எண்டு போடுகினம்.

வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் விவாதம்: பக்கத்து மண்டபத்திலை நடக்கிறது. அமைச்சர் ஒருவர் வந்து பதில் சொல்லோணும், அந்தப் பதில் அவைப் பேச்சுகளின்ரை உத்தியோகபூர்வப் பதிவான ஹன்சார்டிலை பதிவாகும். அதுதான் அதின்ரை பயன். அரசாங்கத்தைக் கட்டுப்படுத்திற முடிவு ஒண்டும் அங்கை எடுக்கப்படாது.

ஏபிபிஜி எண்ட அனைத்துக் கட்சிக் குழுக்கள்: தமிழருக்கான குழுவும் ஒண்டு இருக்கு. இவை நாடாளுமன்றத்தின்ரை உத்தியோகபூர்வக் குழுக்கள் இல்லை. ஒரு விசயத்திலை ஆர்வமுள்ள எம்.பி.மாரும் பிரபுக்களும் சேர்ந்து வைச்சிருக்கிறது. பதிவேடு நாடாளுமன்றத் தளத்திலை இருக்கு. ஆர் பொறுப்பாளர், செயலகச் செலவை ஆர் குடுக்கினம் எண்டதையும் அதிலை பார்க்கலாம். இவையின்ரை அறிக்கையையும், அரசாங்கத்தைக் கண்காணிக்கிற உத்தியோகபூர்வக் குழுவான செலக்ட் கமிட்டியின்ரை அறிக்கையையும் குழப்பக் கூடாது. செலக்ட் கமிட்டி அறிக்கைக்கு அரசாங்கம் இரண்டு மாதத்துக்குள்ளை பதில் குடுக்கிறது வழமை, அந்தப் பதிலும் அதே தளத்திலை வரும்.

மனு: 10,000 கையெழுத்துக்கு அரசாங்கத்தின்ரை எழுத்துப் பதில். 100,000 தாண்டினால் விவாதத்துக்குப் பரிசீலிப்பினம், கட்டாயம் இல்லை. பிரித்தானியக் குடிமக்களும் அங்கை வசிக்கிற ஆக்களும்தான் கையெழுத்து வைக்கலாம்.

2025 மார்ச்சிலை இலங்கையைச் சேர்ந்த நாலு பேர் மேலை தடை வந்தது ஒரு நல்ல உதாரணம். அது நாடாளுமன்றத்திலை வாக்கெடுப்பு வைச்சு எடுத்த முடிவு இல்லை. 2018-ஆம் ஆண்டுத் தடைச் சட்டத்துக்குக் கீழை செய்த 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி வெளிவிவகார அமைச்சு எடுத்த நிர்வாக முடிவு. அப்ப ஆதாரம் தேட வேண்டிய இடம் ஹன்சார்ட் இல்லை. கவ் டாட் யூகே தளத்திலை இருக்கிற தடைப்பட்டியலும் அண்டைக்கு வந்த அறிவிப்பும்தான். எந்தக் காரணத்துக்காகத் தடை எண்டது பட்டியலிலை ஒவ்வொரு பேருக்கும் நேரை எழுதியிருக்கும்.

கதிர்வேல்_த:
மிக்க நன்றி அக்கா, இந்த வேறுபாடு எங்கேயுமே கிடைக்கவில்லை. ஒரு எம்.பி. எப்படி வாக்களித்தார் என்பதற்கு தே வொர்க் ஃபார் யூ தளத்தை மட்டும் பார்த்தால் போதுமா?

சதுரங்கன்:
ஆரம்பிக்க நல்ல இடம். 2004-ல் தொடங்கிய தளம், மைசொசைட்டி என்ற தொண்டு நிறுவனம் நடத்துகிறது. ஒரு எம்.பி. பெயருக்கோ, 'இலங்கை', 'விசா' மாதிரி ஒரு சொல்லுக்கோ அலர்ட் வைத்தால் அவையில் அது பேசப்படும்போது மின்னஞ்சல் வரும். இந்த ஒரு வசதிக்காகவே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அங்கே இருக்கும் 'இந்தக் கொள்கைக்கு ஆதரவாக வாக்களித்தார்' வகைச் சுருக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பல வாக்கெடுப்புகளைச் சேர்த்துப் போட்ட கணக்கு. அதைக் கிளிக் செய்து, எந்த வாக்கெடுப்பு, வாக்குக்கு விடப்பட்ட வாசகம் என்ன என்று பார்க்க வேண்டும்.

ஏன் என்பதற்கு 2024 ஜூலை 23. குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகையை முதல் இருவரோடு நிறுத்திய இரண்டு குழந்தை வரம்பை நீக்கக் கோரிய திருத்தம் 363-க்கு 103 என்று தோற்றது. எதிர்த்தவர்கள் எல்லாரும் அந்த வரம்பை விரும்பியவர்கள் என்று சொல்ல முடியுமா? அது மன்னர் உரை மீது எஸ்.என்.பி. என்ற ஸ்காட்லாந்து தேசியக் கட்சி கொண்டுவந்த திருத்தம். ஆளுங்கட்சி எம்.பி. அதை ஆதரித்தால் சொந்த அரசின் திட்டத்தையே எதிர்த்தது போல ஆகும். ஆதரித்த ஏழு லேபர் எம்.பி.க்களைக் கட்சி ஆறு மாதத்துக்கு இடைநீக்கம் செய்தது. பதவி போகவில்லை, கவனிக்கவும். நம் ஊர்க் கட்சித்தாவல் தடைச் சட்டம் மாதிரி அங்கே ஒன்று இல்லை. கொறடாவை மீறினால் கட்சிக்குள்தான் நடவடிக்கை.

மூலத் தரவு நாடாளுமன்றத்தின் வாக்கெடுப்புத் தளத்தில் இருக்கிறது. காமன்ஸ் வாக்கெடுப்புகள் 2016-லிருந்து. ஒவ்வொன்றையும் சிஎஸ்வி கோப்பாக இறக்கி எக்செல்லில் திறக்கலாம். அதைப் படிக்கும்போது வழுக்கும் இடங்கள்:

'வாக்கு பதிவாகவில்லை' என்றால் புறக்கணித்தார் என்று அர்த்தமில்லை. உடல்நலக் குறைவு, வெளிநாட்டுப் பயணம், எதிர்க்கட்சி எம்.பி. ஒருவரோடு 'பேரிங்' செய்து இருவரும் வராமல் இருப்பது, வேண்டுமென்றே ஒதுங்கியது, எல்லாமே ஒரே மாதிரிதான் தெரியும். காரணம் அந்தத் தளத்தில் கிடைக்காது.

எண்ணும் பணி செய்யும் டெல்லர்கள், பக்கத்துக்கு இரண்டு பேர், மொத்தத்தில் சேரமாட்டார்கள். பெயர்ப் பட்டியலில் தனியாக இருப்பார்கள். கருணை மரண மசோதாவின் இரண்டாம் வாசிப்பு 2024 நவம்பர் 29-ல் 330–275. ஆதரித்தவர்கள் உண்மையில் 332 பேர்.

650-ல் பாதி 325, அதனால் பெரும்பான்மைக்கு 326 என்று கணக்குப் போட்டுவிடுவோம். சபாநாயகரும் மூன்று துணைச் சபாநாயகர்களும் வாக்களிப்பதில்லை. வடக்கு அயர்லாந்தின் சின் ஃபெயின் எம்.பி.க்கள் ஏழு பேர் பதவியேற்பதே இல்லை. மீதி 639. ஆக நடைமுறையில் 320 போதும்.

பழையபேப்பர்:
எல்லாம் சரி, ஒரு எதிர்வாதம். நூலகத் தளமும் ஹன்சார்டும் வாக்கெடுப்புப் பட்டியலும் மட்டுமே படித்தால் பிரிட்டன் அரசியல் புரியாது. சட்டசபை நடைமுறை புரியும், அவ்வளவுதான். போரிஸ் ஜான்சன் எப்படி விழுந்தார் என்று ஹன்சார்டில் தேடிப் பாருங்கள். 2022 ஜூன் 6-ல் சொந்தக் கட்சி எம்.பி.க்களின் ரகசிய வாக்கெடுப்பில் 211–148 என்று பிழைத்தார். ஒரு மாதத்தில் அமைச்சர்கள் வரிசையாக ராஜினாமா செய்ய, ஜூலை 7-ல் விலகல் அறிவிப்பு. இதில் எந்தக் கட்டத்திலும் காமன்ஸ் வாக்கெடுப்பு கிடையாது. நடத்தியது 1922 கமிட்டி, அதாவது கன்சர்வேட்டிவ் பின்வரிசை எம்.பி.க்களின் அமைப்பு. தெரிந்துகொள்ளப் பத்திரிகைதான் வழி.

அதனால் காலையில் பொலிட்டிகோவின் லண்டன் பிளேபுக் மடல், இலவசம். அன்றைக்கு எந்த அமைச்சர் எந்தப் பேட்டிக்குப் போகிறார், எந்தச் செய்தி யார் கசியவிட்டது போலிருக்கிறது என்பது வரை இருக்கும். கொஞ்சம் உள்வட்டக் கிசுகிசு நடை, பழகப் பழகச் சரியாகிவிடும். பகலில் கார்டியன் நடத்தும் அரசியல் நேரலைப் பக்கம், அதுவும் இலவசம். கட்சிக்குள் என்ன ஓடுகிறது என்று பார்க்க வலதுபக்கம் கன்சர்வேட்டிவ்ஹோம், இடதுபக்கம் லேபர்லிஸ்ட். இரண்டும் அந்தந்தக் கட்சி ஆர்வலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இடம். நடுநிலைமையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். டெலிகிராஃப், டைம்ஸ், ஃபைனான்ஷியல் டைம்ஸ் மூன்றும் காசு.

நூலகன்:
ஒத்துக்கொள்கிறேன், ஆனால் வரிசை முக்கியம். 'மூத்த அமைச்சர் ஒருவர் கூறினார்' என்று நாடாளுமன்ற நிருபர்கள் எழுதும் லாபி செய்தியை எடைபோட வேண்டுமானால் அந்த அமைச்சரால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று தெரிந்திருக்க வேண்டும். அடித்தளம் இல்லாமல் பிளேபுக் படித்தால் பெயர்கள்தான் மிஞ்சும்.

பழையபேப்பர்:
அடித்தளம் முடியட்டும் என்று காத்திருந்தால் படிக்க ஆரம்பிக்கவே மாட்டார்கள். ஆர்வம் பிறப்பது சண்டையில்தான், ஷரத்தில் இல்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம்: காலையில் மடலில் வந்த ஒரு பெயரை எடுத்து, அன்றைக்கு அவர் அவையில் பேசியதை ஹன்சார்டில் பாருங்கள். பேச்சின் உருளும் பதிப்பு சுமார் மூன்று மணி நேரத்தில் வந்துவிடும்.

மேகலா_ஹாரோ:
ஹன்சார்ட் சொல்லுக்குச் சொல் அப்பிடியே இல்லை, தெரியும்தானே. திருப்பித் திருப்பிச் சொன்னதையும் வெளிப்படையான பிழையையும் எடுத்துப் போடுவினம். தொனியும் கூச்சலும் வேணுமெண்டால் பார்லிமென்ட்லைவ் டிவி. 2007 டிசம்பரிலை இருந்து காணொளி சேமிப்பிலை கிடக்கு, பேசின ஆளின்ரை பேரிலை அமத்தினால் அந்த இடத்துக்கே போகும். புதன்கிழமை 12 மணிக்குப் பிரதமர் கேள்வி நேரம். எதிர்க்கட்சித் தலைவருக்கு ஆறு கேள்வி. அதை மட்டும் பார்த்துப் பிரித்தானிய அரசியலை மதிப்பிட வேண்டாம். உண்மையிலை துளைச்சுக் கேக்கிறது செலக்ட் கமிட்டியிலை.

வழக்கேடு:
சட்ட வாசகம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லெஜிஸ்லேஷன் டாட் கவ் டாட் யூகே தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் தளம், இலவசம், தரமானது. ஆனால் அங்கே ஒரு ஷரத்து கண்ணில் பட்டது என்பதற்காக அது அமலில் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

சமத்துவச் சட்டம் 2010, முதல் ஷரத்தைத் திறந்து பாருங்கள். பொருளாதார ஏற்றத்தாழ்வைக் குறைப்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று பொது அமைப்புகளுக்குக் கடமை சொல்கிறது. நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2010-ல். ஸ்காட்லாந்தில் அமலுக்கு வந்தது 2018-ல், வேல்ஸில் 2021-ல். இங்கிலாந்தில் அதை அமல்படுத்தாமலே அடுத்தடுத்த அரசுகள் போய்விட்டன. ஒரே சட்டம், ஒரே ஷரத்து, மூன்று நிலை. காரணம், பிரிட்டனில் அரச ஒப்புதல் கிடைத்தாலும் பல ஷரத்துகள் அமைச்சர் தனியாக ஆணை போட்டால்தான் உயிர்பெறும். சட்டத்தின் கடைசிப் பக்கத்தில் 'கமென்ஸ்மென்ட்' என்று ஒரு ஷரத்து இருக்கும். எது உடனே, எது ஆணை வந்த பிறகு என்று அதில்தான் எழுதியிருக்கும்.

செய்ய வேண்டியது: பக்கத்தின் இடது ஓரத்தில் 'லேட்டஸ்ட் அவைலபிள்' தேர்வாகி இருக்கிறதா பாருங்கள், 'ஒரிஜினல்' என்பது நிறைவேறிய நாளின் வாசகம். மேலே இன்னும் சேர்க்கப்படாத மாற்றங்கள் உள்ளன என்ற பட்டை இருந்தால் திறந்து படியுங்கள், நீங்கள் பார்க்கும் ஷரத்து அந்தப் பட்டியலில் இருக்கலாம். 'ஜியோகிராஃபிகல் எக்ஸ்டென்ட்' பொத்தானை அழுத்தினால் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, வடக்கு அயர்லாந்தில் எதற்குச் செல்லும் என்று ஒவ்வொரு ஷரத்துக்கும் காட்டும். ஷரத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் 'ஐ' குறிப்புகளில் அமலுக்கு வந்த தேதி இருக்கும். பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், பதில் அங்கேதான் கிடக்கும்.

இன்னும் சட்டமாகாத மசோதா என்றால் நாடாளுமன்றத்தின் மசோதாத் தளம். வாசகத்தை விட்டுவிட்டு முதலில் அதோடு வரும் விளக்கக் குறிப்பைப் படியுங்கள். தனிநபர் மசோதா என்றால் பெரும்பாலும் நேரம் கிடைக்காமலே செத்துவிடும், ஒரு கூட்டத்தொடரில் அதற்கென்று ஒதுக்குவது பதின்மூன்று வெள்ளிக்கிழமைகள்தான். 'முதல் வாசிப்பில் நிறைவேறியது' என்று யாராவது எழுதினால் சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம். முதல் வாசிப்பில் வழக்கமாக நடப்பது தலைப்பை வாசிப்பது மட்டும்தான்.

கருத்துக்கணிப்பாளி:
எண்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2024 தேர்தலில் லேபருக்கு 33.7% வாக்கு, 411 இடம். சில தளங்களில் 412 இருக்கும், அது சபாநாயகரையும் சேர்த்த கணக்கு. சீர்திருத்தக் கட்சிக்கு (ரிஃபார்ம் யூகே) 14.3% வாக்கு, 5 இடம். லிபரல் டெமாக்ரட்டுக்கு 12.2%, ஆனால் 72 இடம். வாக்கு எங்கே குவிந்திருக்கிறது என்பதுதான் வித்தியாசம். தொகுதி வாரியான முழு அட்டவணை காமன்ஸ் நூலகத் தளத்தில் எக்செல்லாகக் கிடைக்கும்.

2019-ஐயும் 2024-ஐயும் தொகுதி அளவில் ஒப்பிடும்போது எச்சரிக்கை. இடையில் எல்லைகள் மாறிவிட்டன. பெயர் ஒன்றாக இருந்தாலும் தொகுதி ஒன்றல்ல. 'நோஷனல்' முடிவுகள் என்று தனியாகப் போட்டிருப்பார்கள், 2019 வாக்குகளைப் புது எல்லைக்குப் பொருத்திய மதிப்பீடு. ஒப்பிட அதைத்தான் எடுக்க வேண்டும்.

கருத்துக்கணிப்பு என்றால் பிரிட்டிஷ் போலிங் கவுன்சில் உறுப்பினரா என்று பாருங்கள். உறுப்பினர் என்றால் முடிவு வெளியான இரண்டு வேலை நாளுக்குள் முழு அட்டவணையை வெளியிட வேண்டும் என்பது விதி. அந்த அட்டவணையில் கேட்ட கேள்வியின் முழு வாசகம், எடுத்த தேதிகள், எத்தனை பேர் என்ற மூன்றையும் பார்க்காமல் தலைப்பை நம்பாதீர்கள். பெரும்பாலான கணிப்புகளில் வடக்கு அயர்லாந்து சேராது, ஆனால் தேர்தல் சதவீதம் சில இடங்களில் அதையும் சேர்த்து இருக்கும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டால் கோணல்தான். இன்னொன்று, ஆயிரத்துச் சொச்சம் பேர் கணிப்பிலிருந்து ஸ்காட்லாந்து பகுதியை மட்டும் உருவி 'ஸ்காட்லாந்தில் அலை' என்று எழுதுவார்கள். அந்தப் பகுதியில் நூறு பேர்கூட இருக்கமாட்டார்கள்.

பட்ஜெட்டுக்கு, அரசின் நிதிக் கணிப்பு அமைப்பான ஓபிஆரின் அறிக்கை, அதன் மேல் ஐஎஃப்எஸ் என்ற சுயேச்சை ஆய்வு நிறுவனத்தின் விமர்சனம். இரண்டும் வராமல் பட்ஜெட் நாள் மாலைத் தலைப்புகளை வைத்து வாதம் செய்வது வீண்.

கதிர்வேல்_த:
பணம் பற்றியும் யாராவது சொல்லுங்கள். நன்கொடை விவரம் எங்கே?

சதுரங்கன்:
இரண்டு இடம், இரண்டும் வேறு. கட்சிக்கு வருவது தேர்தல் ஆணையத்தின் தரவுத்தளத்தில். 2024 ஜனவரியிலிருந்து கட்சித் தலைமையகத்துக்கு 11,180 பவுண்டுக்கு மேல் வந்தால் அறிவிக்க வேண்டும், முன்பு 7,500. காலாண்டுக் கணக்கு, அதனால் நீங்கள் பார்க்கும்போது பணம் வந்து சில மாதம் ஆகியிருக்கும். நன்கொடையாளர் பெயரை எழுத்துப் பிசகாமல் தேடினால் பாதி வராது. ஒருவரே சொந்தப் பெயரிலும் கம்பெனி பெயரிலும் கொடுத்திருப்பார். பெயரின் ஒரு பகுதியை மட்டும் போட்டு, கம்பெனிப் பதிவேடான கம்பெனீஸ் ஹவுஸில் இயக்குநர் பெயரோடு ஒத்துப்பாருங்கள், அதுவும் இலவசம்.

எம்.பி.க்குத் தனிப்பட்ட முறையில் வரும் பரிசு, பயணம், வேறு வேலைச் சம்பளம் ஆகியவை நிதி நலன் பதிவேட்டில். 28 நாளுக்குள் பதிய வேண்டும், அவை நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு. யார் கட்டணத்தில் எந்த நாட்டுக்குப் போனார் என்பதை இதில்தான் பார்க்கலாம்.

மேகலா_ஹாரோ:
இதிலை ஒண்டும் கிடைக்காட்டி தகவல் உரிமைக் கோரிக்கை. அது பிரித்தானியக் குடிமகனுக்கு மட்டும் எண்டு நினைக்க வேண்டாம், உலகத்திலை ஆரும் கேக்கலாம். 20 வேலை நாளுக்குள்ளை பதில் வரோணும். முதல்லை வாட் டூ தே நோ தளத்திலை தேடுங்கோ, நீங்கள் கேக்கப்போற கேள்வியை வேறை ஆரும் கேட்டுப் பதிலும் அங்கையே கிடக்கும். புதுசாக் கேக்கிறதெண்டால் காலமும் ஆவண வகையும் குறுக்கிக் கேளுங்கோ. 'இலங்கை பற்றின எல்லாக் கடிதமும்' எண்டு கேட்டால் செலவு வரம்பு தாண்டுது எண்டு மறுப்பினம். மத்திய அரசுத் திணைக்களத்துக்கு அந்த வரம்பு 600 பவுண்டு. 'இன்ன மாதத்திலை இன்ன அமைச்சருக்கும் இன்ன தூதரகத்துக்கும் இடையிலை நடந்த சந்திப்புக் குறிப்பு' எண்டால் அந்தச் சாட்டுச் சொல்லி மறுக்கேலாது. வெளிநாட்டு உறவு பாதிக்கும் எண்டு மறுக்கலாம், அதுக்கு உள் மறுஆய்வு கேக்கலாம், பிறகு தகவல் ஆணையாளர்.

நூலகன்:
1980-களின் விஷயம் என்றால் கோரிக்கைக்கு முன் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'டிஸ்கவரி' அட்டவணை. தாட்சர் காலப் பிரதமர் அலுவலகக் கோப்புகள் பிரெம் 19 என்ற வரிசையில். நாட்டின் பெயரோடு அந்த எண்ணையும் சேர்த்துத் தேடுங்கள். சிலவற்றின் பிரதிகள் தாட்சர் அறக்கட்டளைத் தளத்தில் காசில்லாமலே இருக்கின்றன, அங்கே பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கதிர்வேல்_த:
கடைசிக் கேள்வி: மனுவில் தொகுதி வாரியாகக் கையெழுத்து எண்ணிக்கை பார்க்க முடியுமா?

சதுரங்கன்:
முடியும். மனுப் பக்கத்து முகவரியின் கடைசியில் 'டாட் ஜேசன்' என்று சேர்த்து என்டர் தட்டுங்கள். 650 தொகுதிக்கும் எண் வரும், நாடு வாரியாகவும் வரும். தொகுதியின் மக்கள்தொகையால் வகுக்காமல் பெரிய எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.